மண்டியிட்டு ஓட்ட எந்தப் படகு? கித்துல்கலவில் சி-1 ஓட்ட நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவில் ராஃப்ட் கைட், அதாவது காற்றடித்த ரப்பர் மிதவையில் ஆட்களை ஆற்றில் கூட்டிப்போகும் வழிகாட்டி. வீடு கினிகத்தேனைப் பக்கம். உட்கார்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் ஓட்டும் கயாக் ஓட்டத் தெரியும், கவிழ்ந்தால் படகிலிருந்தபடியே துடுப்பால் நிமிரும் ரோலும் வரும். ஆனால் ஒற்றை அலகுத் துடுப்போடு, முழங்காலிட்டு, மேல்மூடி உள்ள கேனோவில், அதாவது சி-1 இல், ஆற்றில் இறங்க ஆசை. தொழிற்சாலையில் செய்த சி-1 கிடைக்கவில்லை. பழைய கயாக் மூன்று விலைக்கு வந்திருக்கின்றன: 6 அடிச் சொச்சத்தில், அலையில் வித்தை காட்டுவதற்கான ஒரு விளையாட்டுப் படகு, ஏறத்தாழ 9 அடி நீளமான, டெகர் நிறுவனத்தின் பழைய ஆர்.பி.எம்., எட்டரை அடி டெகர் மம்பா. உங்கள் உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 70 கிலோ, சப்பாத்து 9 ஆம் இலக்கம். இதில் எதை வாங்கி மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள்.

மம்பாவை எடுங்கள். உங்கள் கூட்டாளிகள் அதைப் பெரிய, மந்தமான படகு என்று சொல்லியிருப்பார்கள். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கயாக்காரர் மந்தம் என்று ஒதுக்கும் படகுதான் பெரும்பாலும் முழங்காலிடுபவருக்குத் தோதாக அமையும். காரணங்களைச் சொல்கிறேன். அவை விளங்கிவிட்டால் நாளைக்கு வேறொரு படகு விலைக்கு வந்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

கயாக்கில் உங்கள் இருக்கை படகின் அடித்தளத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில்தான் இருக்கும். முழங்காலிடும்போது இடுப்பு 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை மேலே போய்விடும். உடம்பின் பாரம் முழுவதும் அந்த அளவுக்கு உயர்கிறது. உட்கார்ந்தபோது துள்ளலாகத் தெரிந்த படகு, முழங்காலிட்டவுடன் கவிழப் பார்ப்பது இதனால்தான். அதோடு கால் இருக்கும் இடம் மாறுகிறது. கயாக்கில் கால் முன்னால் நீண்டு முன்பக்கத்துக்குப் பாரம் கொடுக்கும். முழங்காலிடுபவரின் பாதமோ பின்னால், இருக்கைக்குக் கீழே மடங்கிக் கிடக்கும். முன்பக்கம் வெறுமையாகி, பாரம் பின்னால் நகரும். படகைச் செய்தவர் நினைத்திருந்த சமநிலை இதில் முழுவதுமாக மாறிவிடுகிறது. ஒரு கயாக் நல்ல சி-1 ஆகுமா என்பது இந்த இரண்டையும் அது எப்படித் தாங்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பாதம். பலரும் அகலத்தையும் நீளத்தையும் கேட்பார்களே தவிரப் பாதத்தைக் கேட்பதில்லை. நான் பார்த்தவரையில், மாற்றிய படகு ஒன்று மூலையில் சும்மா கிடந்தால் முக்கால்வாசிக் காரணம் பாதத்துக்கு இடம் போதாததுதான். முழங்காலிட்டு, பாதத்தைப் பின்னால் நீட்டி வைத்தால், குதிகால் மேல்நோக்கி இருக்கும். மெல்லிய ரப்பர் காலுறையோடு அதன் உயரம் பன்னிரண்டு, பதின்மூன்று சென்ரிமீற்றர் வரும். கால்விரலை மடக்கி ஊன்றினால் இன்னும் கூடும். இந்தப் பாதங்கள் போய் நிற்கும் இடம், கயாக்கின் திறப்புக்குச் சற்றுப் பின்னால், பின்மூடிக்குக் கீழே. அங்கேதான் பல படகுகள் சட்டென்று ஒடுங்கித் தாழத் தொடங்கும். போதாக்குறைக்கு நடுவில், மூடி அமுங்காமல் தாங்குவதற்கு ஒரு நுரைத்தூணும் நிற்கும். பாதம் ஒவ்வொன்றும் அந்தத் தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக வேண்டும்.

ஆகவே படகைப் பார்க்கப் போகும்போது அளவுநாடா ஒன்றைக் கொண்டுபோங்கள். அதற்கு முன், வீட்டுச் சீமெந்துத் தரையில் சுருட்டிய பாயையோ அடுக்கிய பலகையையோ வைத்து, இடுப்பு 18 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்படி முழங்காலிட்டு உட்காருங்கள். முழங்கால் இரண்டையும் வசதியாக எவ்வளவு அகட்ட முடியும், முழங்கால் நுனியிலிருந்து கால்விரல் நுனிவரை எவ்வளவு, குதிகால் எவ்வளவு உயரம் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். ஒரு கால் மணி நேரம் அப்படியே இருந்தும் பாருங்கள். கணுக்கால் மரத்துப்போனால் இடுப்பை இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் அதற்கேற்ற அகலமான படகு வேண்டும். உங்கள் கணுக்கால் எவ்வளவு வளையும் என்பதே படகின் அகலத்தைத் தீர்மானிக்கும் ஒரு காரணமாகிவிடும். அப்புறம் அந்த அளவுகளோடு படகின் திறப்புக்குள் கையை விட்டுப் பின்பக்கத்தை அளவெடுங்கள். பாதம் நுழைவது மட்டும் போதாது, இழுத்தவுடன் தடங்கலில்லாமல் வெளியே வரவும் வேண்டும். தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும்போது பாதம் சிக்கினால் அது உயிர்ப் பிரச்சினை. பட்டி வைத்த சாண்டலோடு சி-1 இல் ஏறவே கூடாது என்று சொல்வதும் அதனால்தான். கித்துல்கலவில் எல்லோரும் சாண்டல் போட்டுத்தான் ராஃப்ட் ஓட்டுகிறார்கள், ராஃப்டுக்கு அது சரி. இங்கே பட்டி எங்காவது கொளுவிக்கொள்ளும்.

உங்கள் 9 ஆம் இலக்கப் பாதத்துக்கு அந்த விளையாட்டுப் படகின் பின்பக்கம் இடம் தராது. அந்த ரகப் படகுகளில் பின்முனை தண்ணீருக்குள் எளிதாக அமிழ வேண்டும் என்பதற்காகவே மெல்லிசாகச் செய்திருப்பார்கள். அதை இங்கேயே விட்டுவிடலாம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பிறகு வருகிறேன்.

முழங்காலுக்கு இடம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. இன்றைய கயாக்குகளின் திறப்பு பெரும்பாலும் 85 முதல் 90 சென்ரிமீற்றர் நீளம். இடுப்பைத் திறப்பின் பின்விளிம்பிலிருந்து கொஞ்சம் முன்னால் வைத்தால் முழங்கால் திறப்பின் முன்பாதியில் விழும். கவிழ்ந்தால் முழங்காலைச் சேர்த்து மேலே இழுக்கலாம், வழி இருக்கும். மிகப் பழைய கண்ணாடியிழைப் படகுகளில் திறப்பு சின்ன வட்டமாக இருக்கும். முழங்கால் மூடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதை இலவசமாகத் தந்தாலும் மாற்றுவதற்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது அகலமும் அடித்தளமும். 62 முதல் 68 சென்ரிமீற்றர் வரையான அகலம் உங்கள் அளவுக்கு ஒத்துவரும். அதற்குக் குறைந்தால் அசையாமல் நிற்கவே பாடுபட வேண்டும். அதிகமானால் துடுப்பை நேர்குத்தாகத் தண்ணீரில் இறக்க எட்டாது. முக்கியமாக, மாற்றுப்பக்கத்துக்கு உடம்பைத் திருப்பி, பிடியை மாற்றாமலே குறுக்கே துடுப்பைப் போடும் அடிக்கு மூடி தடையாக நிற்கும். சி-1 ஓட்டுபவருக்கு அந்தக் குறுக்கு அடி இல்லாமல் பிழைப்பே இல்லை. மூடியின் ஓரம் கைப்பக்கம் சரிந்து இறங்கியிருக்கிறதா, முன்மூடி அளவுக்கு மீறி மேடாக இருக்கிறதா என்று இதற்காகவே பார்க்க வேண்டும்.

அடித்தளம் உருண்டையாக இருந்தால் படகு எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி உருளும். ரோல் பண்ண நல்லது. ஆனால் உயர்ந்த பாரத்தோடு அது எங்கே நிற்கும் என்று உடம்புக்குத் தெரியாது. முழுத்தட்டையாக, கூர்மையான விளிம்போடு இருந்தால் அசையாத தண்ணீரில் மேசை மாதிரி நிற்கும். குறுக்கு நீரோட்டத்தில் நுழையும்போது நீரோட்டம் வரும் பக்கத்து விளிம்பை நீர் பிடித்துவிட்டால், நினைப்பதற்குள் தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், ஓரளவு தட்டையான அடியும், இருக்கைப் பக்கம் தெளிவாகவும் முனைகளை நோக்கி மெதுவாக மழுங்கியும் போகும் விளிம்பும்தான் முழங்காலிடுபவருக்கு நல்லது. படகைச் சாய்த்தால் ஒரு இடத்தில் போய்த் தாங்கி நிற்க வேண்டும். அந்த இரண்டாவது தாங்கலை நம்பித்தான் நீங்கள் ஆற்றில் எல்லாம் செய்யப்போகிறீர்கள். மம்பாவின் அடித்தளம் கிட்டத்தட்ட அந்த வகை.

நீளமும் வளைவும் ஒன்றாகப் பார்க்க வேண்டியவை. ஒற்றை அலகால் ஒரு பக்கமே வலிப்பதால் ஒவ்வொரு அடியும் படகை மறுபக்கம் திருப்பும். முனைகள் அதிகமாக மேலே வளைந்த குட்டிப் படகில் ஒவ்வொரு அடிக்கும் மூக்கு கால்வட்டம் சுற்றும். அதைத் திருத்துவதற்கே பாதி பலம் போய்விடும். விளையாட்டுப் படகை வேண்டாம் என்றதற்கு இரண்டாவது காரணம் இது. மாறாக, வளைவே இல்லாத நீண்ட படகு நேராக ஓடும், ஆனால் பாறைக்கு முன்னால் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எட்டரை அடியிலிருந்து ஒன்பதரை அடிவரை, மிதமான வளைவோடு இருப்பவற்றைத்தான் தேட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சி-1 ஓட்டுபவர்கள் எப்போதும் நேராகப் போக முயல்வதில்லை. துடுப்புப் பக்கம் படகைச் சற்றுச் சாய்த்து, அந்தப் பக்கமே ஒரு பெரிய வளைகோட்டில் ஓடவிடுவார்கள். விளிம்பு படகை உள்ளே இழுக்கும், துடுப்பு வெளியே தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, திருத்தும் அடியே இல்லாமல் படகு வேகம் எடுக்கும். இந்த ஓட்டம் கைவர, பிடித்துக்கொள்ளும் விளிம்பும் போதிய நீளமும் வேண்டும். முதன்முறை அது சரியாக வரும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி. அதற்காகவே சி-1 ஓட்டலாம்.

ஆர்.பி.எம். பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல படகு. நிறையப் பேர் விரும்பி ஓட்டியது, உலகின் பல இடங்களில் சி-1 ஆக மாற்றப்பட்டதும் உண்டு. நீளம் சரியாக இருக்கிறது, திரும்பும் விதமும் அழகு. ஆனால் அகலம் குறைவு, முனைகளில் கொள்ளளவும் குறைவு. 60 கிலோவுக்குக் குறைந்த, சிறு பாதமுள்ள, ஏற்கெனவே சி-1 ஓட்டிப் பழகிய ஒருவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். 70 கிலோவில், முதல் படகாக, வேண்டாம். பின்முனை அமிழ்ந்து அமிழ்ந்து உங்களைத் தண்ணீருக்குள் உட்கார வைக்கும்.

கொள்ளளவுக்குக் கடைக்காரர் தரும் எடை அட்டவணையைப் பார்க்கலாம், ஆனால் அது கயாக்காரருக்காகப் போட்டது. உங்கள் எடையோடு லைஃப் ஜெக்கட், ஹெல்மட், நுரைச் சேணம் (முழங்காலிடும்போது இடுப்பைத் தாங்கும் நுரை இருக்கை), காற்றுப்பை எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோவாவது கூட்டுங்கள். வரும் மொத்தம் அந்த அட்டவணையின் நடுப்பகுதியில் விழ வேண்டும். மேல் எல்லைக்குப் பக்கத்தில் விழுந்தால் படகு ஆழமாக மிதந்து விளிம்பு பிடிபடும். கீழ் எல்லையில் விழுந்தால் பாரம் உயர்ந்திருக்கும் உங்களைக் காற்றும் அலையும் தூக்கிப் பந்தாடும்.

இனி, காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை. விற்பவரிடம் கேட்டு அமைதியான குளத்துக்கோ ஆற்றின் ஆழமான அசையாத பகுதிக்கோ படகைக் கொண்டுபோங்கள். முதலில் வழக்கமான கயாக் இருக்கையில் உட்காருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நண்பர், முன்முனையிலும் பின்முனையிலும் நீர்க்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, வயரிங்காரர் பாவிக்கும் இன்சுலேஷன் டேப்பைச் சின்னத் துண்டாக ஒட்டட்டும். நனைந்த பிளாஸ்டிக்கில் டேப் ஒட்டாது, துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். அப்புறம் இருக்கையைக் கழற்றிவிட்டு, நுரைத்துண்டுகளை அடுக்கிச் சேணம் மாதிரி வைத்து முழங்காலிடுங்கள். இப்போது பெரும்பாலும் பின் டேப் தண்ணீருக்குள் போயிருக்கும், முன் டேப் வெளியே ஏறி நிற்கும். அடுக்கை முன்னால் நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள், மறுபடி நகர்த்துங்கள். இரண்டு டேப்பும் பழையபடி நீர்க்கோட்டில் வரும் இடம்தான் உங்கள் இருக்கையின் இடம். சில படகுகளில் அந்த இடத்துக்கு வருமுன்னே முழங்கால் முன்மூடியில் முட்டிவிடும். அப்படி முட்டினால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். மம்பாவில் உங்களுக்கு இடம் போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் உடம்புக்கு உடம்பு வித்தியாசம், சோதனையைச் செய்துவிட்டே வாங்குங்கள்.

பாரம் அரை அங்குலம் முன்னால் கூடினாலும் பரவாயில்லை, பின்னால் கூடக் கூடாது. பின்பாரமான படகு எடியில் நுழையும்போது (பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பும் இடத்தைத்தான் சொல்கிறேன்) வால் நீரோட்டத்தில் அகப்பட்டு இழுபடும். மூக்கு மேலே நிற்பதால் எடி அதைப் பிடித்துக்கொள்ளாது.

உண்மையான சி-1 ஒன்றையே எங்காவது தேடக்கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். தேடலாம். ஆனால் இன்று செய்யப்படும் சி-1 கிட்டத்தட்ட எல்லாம் ஸ்லாலோம் போட்டிக்கானவை, அதாவது ஆற்றின் மேல் தொங்கவிட்ட கம்புகளுக்கு நடுவே நுழைந்து ஓட்டும் போட்டி. அந்தப் போட்டி 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஒருமுறை வந்து, 1992 பார்சிலோனாவில் திரும்பி வந்து நிலைத்தது. பெண்களுக்கான சி-1 ஸ்லாலோம் டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதல் சேர்ந்தது, அதை வென்ற ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபொக்ஸ் 2024 பரிஸிலும் வென்றார். அவர் ஓட்டும் காணொளிகளைப் பாருங்கள், குறுக்கு அடியைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அந்தப் படகு மூன்றரை மீற்றர் நீளம், மெல்லிய கார்பன் இழை, முனைகள் கத்தி மாதிரி. நம்முடைய ஆற்றில் வரட்சிக் காலத்தில் ஒரு தடவை பாறையில் ஏறினால் கதை முடிந்தது. பிளாஸ்டிக்கில் செய்த சி-1 களும் ஒருகாலத்தில் இருந்தன, பெர்செப்ஷனின் ஜைராமெக்ஸ், டெகரின் கெஸ்கேட், அட்டம் என்று. அவை இப்போது உற்பத்தியில் இல்லை. எங்கேயாவது தட்டுப்பட்டால் வாங்குங்கள். தட்டுப்படும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கித்துல்கலவுக்கு வரும் நீர் மழையால் மட்டும் வருவதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை, அவற்றுக்குக் கீழே விமலசுரேந்திர, கென்யன், லக்சபான, பொல்பிட்டிய, கடைசியாக 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் என்று மின்நிலையங்கள் வரிசையாகத் திறந்து மூடுவதைப் பொறுத்தே களனி கங்கையின் மட்டம் ஏறி இறங்குகிறது. ஒரே நாளில் காலையில் பாறை பாறையாகத் தெரிந்த இடம் மத்தியானம் அலையாக ஓடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு நிலைக்கும் ஒத்துப்போகும் படகு. குறைந்த நீரில் அடியில் பாறை இடிக்கும்போது, அந்த இடி நேரே முழங்காலுக்கு வரும். கயாக்கில் அது இருக்கையோடு போய்விடும். முழங்காலுக்குக் கீழே இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நுரை இல்லாமல் ஒரு நாளும் இறங்காதீர்கள். தடித்த பிளாஸ்டிக்கில் செய்த, பாறைக்குப் பழகிய படகு என்ற வகையிலும் மம்பாவுக்கு அங்கே ஒரு புள்ளி கூடுகிறது.

பழைய படகு என்பதால் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். கயாக்கில் அதிகம் தேய்வது இருக்கைக்கு நேர் அடி. இரவில், அல்லது இருட்டறையில், ஃபோன் டோர்ச்சைப் படகுக்குள் போட்டுவிட்டு வெளியே நின்று அடித்தளத்தைப் பாருங்கள். மஞ்சள் போன்ற வெளிர் நிறப் படகென்றால் தேய்ந்து மெலிந்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாகக் கசியும். அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தி, உள்ளே போய்த் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த படகு என்றால் மேற்பரப்பு சுண்ணாம்புப் பொடி மாதிரி கையில் ஒட்டும். அது வேண்டாம். திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வேண்டாம்.

மாற்றும் வேலைக்கு வருவோம். இருக்கை, தொடைக்கொக்கி, கால்மிதி எல்லாவற்றையும் கழற்றலாம். முன்தூணையும் பின்தூணையும் கழற்றவே கூடாது. அவைதான் பாறையில் படகு செருகும்போது மூடி உங்கள் காலின் மேல் அமுங்காமல் காக்கின்றன. முன்தூண் முழங்கால்களுக்கு நடுவில்தான் வரும், இடைஞ்சலாக இருந்தால் பக்கவாட்டில் கொஞ்சம் செதுக்கலாம். அதற்குமேல் கை வைக்காதீர்கள். சேணத்துக்கு ரெஜிபோம் ஒருக்காலும் வேண்டாம். இரண்டு வாரத்தில் மணிமணியாக உதிர்ந்துவிடும். கராத்தே வகுப்புகளில் தரைக்கு விரிக்கும் கெட்டியான நுரைவிரிப்பை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நல்ல சேணம் வரும். நுரையோடு நுரை சப்பாத்துப் பசையில் நன்றாகவே ஒட்டும். ஆனால் படகின் பொலிஎதிலீனில் எந்தப் பசையும் நம்பகமாகப் பிடிக்காது. அதனால் தொடைப்பட்டிக்குக் கொளுவிகளைப் பசையில் ஒட்டாதீர்கள். பழைய இருக்கையின் திருகாணித் துளைகளையே பாவியுங்கள். புதிதாகத் துளைக்க வேண்டியிருந்தால் நீர்க்கோட்டுக்கு மேலே, துருப்பிடிக்காத திருகாணியும் அகலமான வொஷரும் போட்டு இறுக்குங்கள். முதல் சேணத்தை 18 சென்ரிமீற்றரில் வெட்டுங்கள். பழகப் பழக மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகச் சீவிக் குறைத்துக்கொள்ளலாம்.

தொடைப்பட்டி இல்லாமல் படகு உங்களோடு சேர்ந்து சாயாது, ரோலும் வராது. அதே பட்டி உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். ஒரே இழுப்பில் கழலும் கொக்கி வேண்டும், இழுக்கும் நாடா ஸ்கர்ட்டுக்கு (தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றித் திறப்பை மூடும் உறை) கீழே கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். அசையாத தண்ணீரில், இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, கவிழ்ந்து, ஸ்கர்ட்டை இழுத்து, பட்டியைக் கழற்றி, பாதத்தை உருவி வெளியே வருவதை, யோசிக்காமல் கை செய்யும்வரை பழகுங்கள். அதற்குப் பிறகுதான் ஓடும் தண்ணீர். ஸ்கர்ட்டும் மாற வேண்டும். உங்கள் இடுப்பு உயர்ந்து நிற்பதால் கயாக் ஸ்கர்ட்டின் இடுப்புக்குழல் தொய்ந்து தண்ணீரைத் தேக்கும். ஒரு அளவு நீளமான குழல் உள்ளதைத் தேடுங்கள்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கயாக்கில் முன்பக்கத்தைக் கால்கள் நிரப்பியிருந்தன, இப்போது அங்கே வெறுமை. ஸ்கர்ட் வெடித்தால் முன்னால் மட்டும் பெருந்தொகைத் தண்ணீர் புகும், அந்தப் படகை இழுத்துக் கரைசேர்ப்பது ஒரு ராஃப்டை இழுப்பதைவிடக் கஷ்டம். முன்தூணின் இரண்டு பக்கமும் முழங்கால்வரை காற்றுப்பை வைத்து நிரப்பிவிடுங்கள். பின்னாலும் பாதத்துக்குப் பின்னே வையுங்கள், பாதத்தைத் தொடாமல்.

துடுப்புக்கு இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். ராஃப்டில் வலிப்பவர்களுக்குக் கொடுக்கும் T வடிவப் பிடியுள்ள துடுப்பே தொடங்கப் போதும். சேணத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாக்கிப் பிடியைத் தரையில் ஊன்றினால், அலகு தொடங்கும் இடம் உங்கள் மூக்குக்கு நேரே வர வேண்டும். உங்களுக்கு 145 முதல் 150 சென்ரிமீற்றருக்குள் வரும். ராஃப்டின் பின்னால் உட்கார்ந்து இழுப்பதும் நெம்புவதும் உங்கள் கையில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. கயாக்கிலிருந்து வருபவர் மாதக்கணக்கில் தேடும் விஷயம் அது. நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது குறுக்கு அடியும், ஒற்றை அலகு ரோலும்தான். ரோலில் உடம்பை முன்னால் மடித்து, அலகை அகலமாக வீசி, அதைத் தண்ணீரில் கீழ்நோக்கி அழுத்தி முடிக்க வேண்டும். தலை கடைசியாகத்தான் தண்ணீரை விட்டு வர வேண்டும். அகலமான படகு இதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் கேட்கும். அதற்காக ஒடுங்கிய படகை வாங்காதீர்கள், உயர்ந்த இருக்கையே உங்களுக்கு நெம்புகோலாக உதவும்.

முதல் சில வாரங்கள் நீர் கொந்தளித்துப் பாயும் பெரிய ரெப்பிட்டுகளுக்குக் கீழே இருக்கும் எடிகளில் மட்டும் நுழைவதும் வெளியேறுவதுமாகப் பழகுங்கள். இரண்டு பக்கமும், குறிப்பாக உங்கள் துடுப்பு இல்லாத பக்கம். போயா விடுமுறைகளில் ராஃப்ட் கூட்டம் ஆற்றை நிறைத்துவிடும், அந்த நாட்களை விட்டுவிட்டு வாரநாள் விடியற்காலையைப் பாருங்கள். ஹெட் சொப்பர், கில்லர் ஃபோல் போன்ற பெயர்பெற்ற ரெப்பிட்டுகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கும், அவசரமில்லை.

சரி, இந்தக் கிழமை மம்பாவைப் பார்க்கப் போனால் மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள்: திறப்பின் பின்விளிம்பிலிருந்து ஒரு சாண் பின்னால் உள்ளே எவ்வளவு உயரம், அந்த இடத்தில் பின்தூணுக்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, திறப்பின் நீளம் எவ்வளவு. உங்கள் பாத அளவோடு ஒப்பிட்டு, சேணத்தை எங்கே வைத்து வெட்டத் தொடங்குவது என்று சொல்கிறேன்.